ஷட்டர் மூடிய தெருவில் ஒரு நடை

ஏர்வாடி தர்கா வாசலில் (திருநெல்வேலி ஏர்வாடி இல்லை சார், ராமநாதபுரம் ஏர்வாடி) யாரிடமாவது 'மண்ணடி' என்று சொல்லிப் பாருங்கள். எந்தத் தெருவில் எந்த ஊர்க்காரர் கடை, கீழக்கரை பஸ் எங்கே நிற்கும், வேலை தேடிப் போகிற பையன் முதல் வாரம் யார் ரூமில் தங்கலாம்... மளமளவென்று வந்து விழும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற சென்னைத் தெரு, அந்தக் கரைக்காரர்களுக்கு அடுத்த தெரு மாதிரி.

அதே மண்ணடியையும் அதைச் சுற்றியுள்ள ஜார்ஜ் டவுனையும் நம்ம 'ஹெரிடேஜ்' ஆர்வலர்கள் எப்படிக் காட்டுகிறார்கள்? 2004-லிருந்து ஆகஸ்ட் மாதம் மெட்ராஸ் தினம் கொண்டாடுகிறோம். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி இடம் வாங்கிய கணக்கு. நல்ல விஷயம்தான். அதன் புண்ணியத்தில் நாலு பேர் காலாற நடந்து ஊரைப் பார்க்கிறார்கள். பிராட்வே யார் போட்ட ரோடு, ஆர்மீனியன் சர்ச் 1772-ல் எழுந்த கட்டிடம் என்பதெல்லாம் தெரிந்துகொள்கிறார்கள்.

என் புகார், நடக்கிற நேரத்தைப் பற்றி. ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி! கூட்டம் இருக்காது, போட்டோ நன்றாக வரும். சரி. ஆனால், கடைகள் மூடியிருக்கும்போது போய்க் கடைத்தெருவைப் பார்ப்பது, ஆடி மாசத்தில் கல்யாண மண்டபத்தைப் பார்க்கப் போகிற மாதிரி இல்லையா?

நான் படித்தது பி.காம். எனக்குத் தெரு என்றாலே கணக்குதான் முதலில் கண்ணில் படும். வாடகை யாருக்குப் போகிறது, பகடி எவ்வளவு, சரக்கு யாரை நம்பிக் கடனில் வருகிறது, சாயங்காலம் வசூலுக்கு யார் வருகிறார்? பழைய தெரு மூச்சு விடுவது இந்த ஏற்பாட்டால். தூணும் மாடமும் அப்புறம்.

கொத்தவால் சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். 1996-ல் காய்கறி வியாபாரத்தைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். அது தப்பு என்று சொல்ல மாட்டேன். லாரி நுழைந்தால் திரும்ப இடமில்லாத சந்துகள் அவை. ஆனால், எதையெல்லாம் இழக்கிறோம் என்று யாராவது உட்கார்ந்து எழுதி வைத்தோமா? விடியற்காலைப் பேரம், கமிஷன் மண்டிச் சிட்டை, மூட்டை தூக்குகிறவர்களின் கூலிக் கணக்கு, அவர்களை நம்பியிருந்த இட்லிக் கடை... 2010-ல் ஐகோர்ட் வரைக்கும் போன பாரம்பரியப் பட்டியலில் 467 பெயர்கள். கட்டிடத்தை எண்ணலாம். மண்டிச் சிட்டையை எந்த வரிசையில் எழுதுவீர்கள்?

பர்மா பஜார் கதை இன்னும் மோசம். 1964-ல் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியதும், வெறுங்கையோடு கப்பல் ஏறி வந்தார்கள் நம் ஜனங்கள். அவர்களுக்காக 1969-ல் உருவான நடைபாதைக் கடைகள் அவை. டேப் ரிக்கார்டர், கால்குலேட்டர், வி.சி.டி., செல்போன் என்று நடுத்தர வர்க்கத்து வீடுகளுக்குள் எலெக்ட்ரானிக்ஸ் நுழைந்த வாசல்களில் ஒன்று. ஆனால், அங்கே வளைவு இல்லை, தூண் இல்லை. அதனால் நடைக் கூட்டம் பெரும்பாலும் நிற்காமல் தாண்டிப் போய்விடுகிறது.

'கட்டிடமாவது மிஞ்சட்டுமே' என்பீர்கள். பினாங்கைப் பாருங்கள். ராமநாதபுரம் கரையிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போன ஊர். அங்கே ஜார்ஜ் டவுனில் சூலியா தெரு என்று ஒன்று. 'சூலியா' என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்கள், முக்கியமாகத் தமிழ் முஸ்லிம்கள். மலேசியா 1997-ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ரத்து செய்தது. 2000 பிறந்ததும் வாடகை எகிறியது. பழைய குடித்தனக்காரர்களும் சின்னக் கடைக்காரர்களும் மூட்டை கட்டினார்கள். 2008-ல் யுனெஸ்கோ பட்டம் கிடைத்தது. இன்றைக்குப் போனால் கட்டிடங்கள் பளபளக்கின்றன. உள்ளே ஹோட்டல், காபி ஷாப், டூரிஸ்ட். நாசி கண்டார் கடைகள் சில தாக்குப்பிடிக்கின்றன.

ஆக, நம்ம ஊர் நடை அமைப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆகஸ்ட்டில் ஒரு நடையாவது திங்கட்கிழமை பதினோரு மணிக்கு வையுங்கள். இடிபடுவோம், பரவாயில்லை. வழிகாட்டியாக ஒரு கீழக்கரைக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். கட்டிடம் எந்த வருஷத்தது என்று அவரைக் கேட்க வேண்டாம். வாடகை ரசீது யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்.