வகுப்பறை மேலாண்மையும் ஏவல் மொழியும்: கோலார் தங்கவயலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கான பயிற்சிகளில் தவறாது இடம்பெறும் தலைப்புகளுள் ஒன்று 'வகுப்பறை மேலாண்மை'. இத்தலைப்பின்கீழ்க் கூறப்படும் உத்திகள் பலவும் அமெரிக்க ஆய்வுகளின் வழி வந்தவை. அவ்வாய்வுகளுள் அடிப்படையாகக் கருதப்படுவது ஜேக்கப் கௌனின் 1970இல் வெளியிட்ட நூல். இவ்வகை உத்திகளைத் தமிழில் தருவோர் கருத்தைப் பெயர்க்கின்றனர். அக்கருத்தை வகுப்பில் நிகழ்த்திக் காட்டும் பேச்சைப் பெயர்ப்பதில்லை. 'தெளிவாகவும் கனிவாகவும் கட்டளையிடுக' என்பது அறிவுரை. எந்த வினை வடிவில் என்பது விடப்பட்ட வினா. இவ்விடுபாட்டின் விளைவைப் பன்மொழிச் சூழலாகிய கோலார் தங்கவயலின் தமிழ் வகுப்பறையை முன்வைத்துக் காணலாம்.

2. கௌனினின் முடிவும் அதன் மொழிக்கூறும்

தவறு செய்யும் மாணவரை ஆசிரியர் எவ்வாறு கண்டிக்கிறார் என்பதே வகுப்பின் ஒழுங்கைத் தீர்மானிக்கும் என்ற எண்ணத்துடன் கௌனின் ஆய்வைத் தொடங்கினார். தொடக்கப் பள்ளி வகுப்புகளை ஒளிநாடாவில் பதிவு செய்து ஆராய்ந்தபோது அவ்வெண்ணம் பொய்த்தது. கண்டிக்கும் முறையில் நல்ல ஆசிரியர்க்கும் ஏனையோர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வேறுபாடு இருந்தது, தவறு நிகழுமுன் அவர்கள் வகுப்பை நடத்திய முறையில்தான். வகுப்பில் நடப்பதனைத்தையும் ஆசிரியர் அறிந்திருக்கிறார் என்பதை மாணவர் உணரச் செய்தல், ஒரே நேரத்தில் இரு நிகழ்வுகளைக் கவனித்தல், பாடத்தின் ஓட்டம் தடைபடாது காத்தல், குழு முழுவதையும் விழிப்புடன் வைத்திருத்தல் என்பன அவர் கண்ட கூறுகள்.

இவற்றுள் முதலாவதைத் தமிழில் 'விழிப்புணர்வு' என்பது போதாது. ஆசிரியர் அறிந்திருந்தால் மட்டும் போதாது. அவர் அறிவார் என்பது மாணவர்க்குத் தெரியவேண்டும். அதைத் தெரிவிப்பது பெரும்பாலும் பேச்சே. 'யாருடா அங்க பேசறது?' என்னும் வழக்கமான அதட்டலைப் பார்க்கலாம். தொனியால் இது கட்டளை, வடிவத்தால் வினா. பேசியவர் யார் என்று தமக்குத் தெரியாது என்பதை ஆசிரியரே அறிவித்துவிடுகிறார். உரிய மாணவரைப் பெயர் சொல்லி விளித்து, 'மூணாவது கணக்கு முடிஞ்சுதா?' என்று கேட்டால் கண்டனம் இன்றியே கௌனின் கூறிய பயன் கிட்டும்.

3. 'மேலாண்மை' என்னும் சொல்

'மேலாண்மை' வணிகத்திலிருந்தும் ஆட்சித் துறையிலிருந்தும் கல்விக்கு வந்து நிலைபெற்றுவிட்ட சொல். ஒரு கலைச்சொல் நிலைபெற்றபின் அதன் சொற்பொருளைக் கிளறுவது தேவையற்றது எனலாம். அது பெரும்பாலும் சரியே. ஆயினும் தங்கவயல் போன்ற ஊரில் இச்சொல்லுக்கு ஒரு வரலாற்று நிழல் உண்டு. 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தின்கீழ் வளர்ந்த சுரங்க நகரம் அது. வடஆர்க்காடு முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தொழிலாளர் 'லைன்' எனப்பட்ட வரிசைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். 1930இல் விரல்ரேகைப் பதிவை எதிர்த்து அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அங்கே நிர்வாகம் என்பது மேலிருந்து கண்காணிக்கும் ஓர் அதிகாரம். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புக்காகப் பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலில் சென்று திரும்பும் பெற்றோர் பலர். அவர்தம் குழந்தைகளுக்குப் பகற்பொழுதில் பெரியவர் பேச்சு மிகுதியாகக் கிடைக்கும் இடம் வகுப்பறையே. அப்பேச்சு கண்காணிப்பாளரின் பேச்சாக இருக்கலாகாது.

தமிழில் ஆசிரியர் 'பாடம் நடத்துகிறார்', 'வகுப்பு நடத்துகிறார்'. 'நட' என்பதன் பிறவினையாகிய இச்சொல்லில் கற்பித்தலும் ஒழுங்குபடுத்தலும் பிரியவில்லை. ஓட்டம் என்னும் கருத்தும் உள்ளடங்கியிருக்கிறது. கௌனினின் முடிவுக்கு 'வகுப்பறை மேலாண்மை' என்பதினும் 'வகுப்பு நடத்துமுறை' என்பது நெருக்கமானது.

4. ஏவலும் துணைவினையும்

4.1 ஆங்கிலக் கையேடுகள் வேண்டுகோட் சொல்லைப் பணிவின் அடையாளமாகக் கொள்ளும். அதைத் 'தயவுசெய்து' என்று பெயர்க்கும்போது வகுப்பறைப் பேச்சு அறிவிப்புப் பலகையின் மொழியாகிவிடுகிறது. இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 'உக்காருங்க' என்பது பலரை நோக்கின் பன்மை. ஒருவரை நோக்கின் மரியாதை. ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்துத் 'தயவுசெய்து உக்காருங்க' என்றால் அது பணிவாகாது, ஏளனமாகும். மூலத்தில் கனிவாக இருந்தது பெயர்ப்பில் குத்தலாக மாறுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்தண்டனையோடு மனவேதனை தருவதையும் தடைசெய்கிறது. பிரம்பை விலக்கிய ஆசிரியர் கையில் எஞ்சுவது மொழி. அம்மொழியே வேதனை தரும் கருவியாகவும் ஆகலாம்.

4.2 தமிழில் ஏவலின் கடுமையைத் தணிப்பவை விளிச்சொற்களும் துணைவினைகளுமே. பின்வருவனவற்றை ஒப்பிடுக:

அ. எழுது
ஆ. எழுதிடு
இ. எழுதிக்கோ
ஈ. எழுதிப் பாரு
உ. எழுதியாச்சா?

(அ) வெறும் ஏவல். (ஆ) செயல் முடிவை வற்புறுத்துகிறது. (இ) எழுதுவதன் பயன் எழுதுபவர்க்கே என்கிறது. (ஈ) முயற்சிக்கு இடந்தந்து பிழை பற்றிய அச்சத்தைக் குறைக்கிறது. (உ) வடிவத்தால் வினாவாயினும், பணி முடியும் நிலையில் இருப்பதாகக் கொண்டு வகுப்பின் ஓட்டத்தை விரைவுபடுத்துகிறது. கையேடுகள் பத்திகளில் விளக்கும் உத்திகளுள் சில தமிழ் வினைமுடிவிலேயே அமைந்துள்ளன. இவற்றை எடுத்துக்காட்டும் பயிற்சிப் பகுதி இல்லாமை பெருங்குறையே.

5. நாமும் நாங்களும்

வகுப்பு விதிகளை மாணவரோடு சேர்ந்து தன்மைப் பன்மையில் அமைக்க வேண்டும் என்பது பரவலான அறிவுரை. ஆங்கிலத்தில் இதற்கு ஒரே சொல். இன்றைய கன்னடத்திலும் 'நாவு' என்னும் ஒரே வடிவமே. தமிழிலோ கேட்பவரை உளப்படுத்தும் 'நாம்' வேறு. உளப்படுத்தாத 'நாங்கள்' வேறு. தெலுங்கும் 'மனமு', 'மேமு' என இவ்வேறுபாட்டைக் காக்கிறது. ஆகவே ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ உள்ள கையேட்டைத் தமிழாக்குவோர் மூலம் கேளாத ஒரு வினாவுக்கு விடை கூறியாக வேண்டும். 'நாம் வரிசையில் செல்வோம்' என்பது ஆசிரியரையும் விதிக்குள் கொண்டுவருகிறது. 'நாங்கள் வரிசையில் செல்வோம்' என்பது மாணவர் ஆசிரியர்க்குக் கொடுக்கும் உறுதிமொழி. இரண்டும் இலக்கணப்படி சரியே. ஆனால் இருவேறு வகுப்பறைகளை அவை உருவாக்குகின்றன.

6. எம்மொழியில் கட்டளை?

தங்கவயலின் குழந்தைகள் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகியவற்றின் நடுவே வளர்கின்றனர். தமிழ்வழி பயில்வோரும் கன்னடம் கற்கவேண்டும் என்பது 2015ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டத்தின் நிலை. இச்சூழலில் மொழி மாறிப் பேசுதல் இயல்பானது. பல வேளைகளில் பயனுள்ளதும் ஆகும். குறை வேறிடத்தில் நேரலாம். அமைதிக்கு 'சைலன்ஸ்', பாராட்டுக்கு 'வெரிகுட்', பாடநூலுக்கு எழுத்துத் தமிழ், திட்டுவதற்கு மட்டும் வீட்டுத் தமிழ் என்று பங்கீடு நிலைத்துவிடுமாயின், குழந்தை தன் வீட்டுமொழியை வசைக்குரிய மொழியாகவே வகுப்பில் சந்திக்கும். தொடக்கக் கல்வியில் தாய்மொழி வாய்ப்பை வற்புறுத்தும் அரசியலமைப்பின் 350அ உறுப்பு பயிற்றுமொழியைப் பற்றிப் பேசுகிறது. பாராட்டு எம்மொழியில் கிடைக்கிறது என்பதைச் சட்டம் கூற முடியாது. ஆசிரியர் பயிற்சிதான் கூறவேண்டும்.

7. மரபின் துணையும் எல்லையும்

இச்சிந்தனை தமிழுக்குப் புதிதன்று. நன்னூற் பொதுப்பாயிரம் காலம், இடம், கொள்வோன் இயல்பு ஆகியவற்றை அறிந்து முகமலர்ச்சியுடன் கற்பிக்குமாறு ஆசிரியர்க்குக் கூறுகிறது. அந்நூலைச் செய்வித்த சீயகங்கன், குவளாலபுரம் எனப்பட்ட கோலாரைப் பழைய தலைநகராகக் கொண்ட கங்கர் மரபினன் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஆயினும் அதே பாயிரம் மாணாக்கனை ஓவியப் பாவைபோல் அடங்கியிருக்கச் சொல்கிறது. அது கற்க விரும்பி வந்த முதிர்ந்த மாணாக்கனுக்கு உரிய இலக்கணம். ஆறு வயதுக் குழந்தைக்குப் பொருந்தாது. மரபிலிருந்து கொள்ளவேண்டியது ஆசிரியர் இயல்பையே; பாவையின் அசைவின்மையை அன்று.

8. முடிவுரை

வகுப்பறை உத்திகளைத் தமிழில் தருவோர் அறிவுரைகளோடு ஆசிரியர் பேசத்தக்க வாக்கியங்களையும் பேச்சு வழக்கிலேயே தருதல் வேண்டும். அவ்வாக்கியங்களில் விளி, துணைவினை, தன்மைப் பன்மை ஆகிய மூன்றும் ஆய்ந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தங்கவயல் போன்ற பன்மொழிக் களங்களின் வகுப்பறைப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்வதே இதற்கு முதற்படி. அதுவரை பெயர்ப்பாளர் தாம் எழுதும் ஒவ்வோர் ஏவலையும் ஒரு குழந்தையின் செவியில் வைத்துப் பார்ப்பது நலம்.