ஒப்டிபிளெக்ஸ் 7010: மதர்போர்ட்டை மாற்றுவதா, பெட்டியைத் தூக்கிப்போடுவதா?

மன்னார்த் தீவில் ஓர் அலுவலகக் கம்பியூட்டரைத் திறந்தால் தூசு மட்டும் இருக்காது. யூஎஸ்பி துவாரங்களின் உள்விளிம்பில் வெள்ளைப் பொடி, பின் தகட்டுத் திருகாணிகளில் கறள், ராமின் தங்கப் பூச்சில் மங்கல். தென்கரையில் 30 காற்றாலைகளைச் சுழற்றி 103.5 மெகாவாற்று மின்சாரம் தருகிற காற்றேதான் உப்பையும் உள்ளே கொண்டுவருகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே கசிந்து நீராகும். மின்விசிறி இழுத்து வந்து படியவைத்த உப்பு இரவில் அப்படிக் கசிந்து, காலையில் ஸ்விட்சைப் போடும்போது ஈரப்படலமாக நிற்கும். அதனால்தான் ஒரு பழைய டெல் ஒப்டிபிளெக்ஸ் 7010 எழும்பாவிட்டால் "போர்ட் போயிட்டுது" என்ற தீர்ப்பு இங்கே சட்டென்று வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பைச் சோதிக்காமல் ஏற்கக் கூடாது. சோதித்து உறுதியானால், அதே மாதிரிப் போர்ட்டைத் தவிர வேறு போர்ட் எதையும் அந்தப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

முதலில் சோதனை. 2012இல் வந்த 7010இல் இன்டெல் க்யூ77 சிப்செட்டும் 1155 ஊசிகள் கொண்ட சொக்கெட்டும் இருக்கின்றன. கோர் ஐ5-3470 போன்ற மூன்றாம் தலைமுறைப் புரொசெசர்கள் அதில் உட்காரும். பவர் சப்ளையின் பின்புறத்தில் ஒரு சின்னப் பட்டன் உண்டு. அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் போர்ட்டின் மேல் பழி போட இன்னும் நேரம் வரவில்லை. 2022இல் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைப் பார்த்த நாடு இது. கரண்ட் திரும்பி வரும் கணத்தில் முன்னால் நின்று அடிவாங்குவது பவர் சப்ளைதான். அடுத்தது, போர்ட்டில் இருக்கும் 2032 பட்டரி. அதையும் மாற்றிப் பார்த்து, ராமைக் கழற்றி அதன் தங்க விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து மறுபடி செருகிய பிறகும் திரை இருட்டாகவே இருந்தால்தான் போர்ட்டைச் சந்தேகிக்கலாம். இந்த வேலைக்கு 7010 நல்ல பெட்டி. அதன் பவர் சப்ளையில் வழமையான 24 பின் செருகி இருப்பதால், கையில் கிடைக்கும் ஏதாவதொரு நல்ல சப்ளையைக் கொடுத்துப் பார்த்துவிடலாம். அடுத்த தலைமுறையான 9020இல் டெல் தன் சொந்த 8 பின் செருகிக்கு மாறியது. எச்பியும் லெனோவாவும் அக்காலத்தில் அதே வழியில்தான் போயின. மாற்றிப் பார்க்க வழியில்லாத இடத்தில், நல்ல போர்ட்டும் செத்ததாகக் கணக்கில் எழுதப்படும்.

"புதுப் போர்ட் ஒன்றை வாங்கி, 8 பின் செருகி உள்ள 9020 என்றால் அடாப்டர் வயரும் போட்டால் முடிந்ததே" என்று சொல்வார்கள். அடாப்டர் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் சிக்கல் அந்த ஒரு செருகியோடு நிற்பதில்லை. முன்பக்கப் பவர் பட்டனின் வயரும் மின்விசிறியின் செருகியும் டெல்லுக்கே உரியவை. 9020இல் ஹார்ட் டிஸ்க்குக்கான மின்சாரமும் போர்ட்டின் வழியாகத்தான் போகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வெட்டு, ஒரு ஒட்டு. உப்புக் காற்றில் முதலில் பச்சை பிடிப்பது ஒட்டுப்போட்ட அந்த இடங்களைத்தான். விண்டோஸ் உரிமமும் இருக்கிறது: கம்பெனிப் பெட்டியோடு வந்த உரிமம் போர்ட்டோடு கட்டப்பட்டது. பழுதான போர்ட்டுக்குப் பதிலாக அதே வகையை வைத்தால் மைக்ரோசொப்ட்டின் விதி அதை அனுமதிக்கும். விரும்பி வேறு போர்ட் போட்டால் அது புதுக் கம்பியூட்டர், உரிமமும் புதிது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் தேடி எடுக்கும் பழைய போர்ட்டுக்கும் அதே வயதுதானே? வயது ஒன்றுதான், ஆனால் அது சுவாசித்த காற்று வேறு. குளிரூட்டிய அறையில் பத்து வருடம் ஓடிய போர்ட்டில் உப்பு இருக்காது. வாங்கும்போது சொக்கெட் மூடியைத் தூக்கி, கைபேசி வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். 1155 ஊசிகளும் ஒரே திசையில் வரிசையாக மின்ன வேண்டும். ஒரு ஊசி மட்டும் வேறு கோணத்தில் மின்னினால் விலை பேசாமல் வந்துவிடுவது நல்லது. கபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கம்பெனிப் பெயர் இதற்கு உத்தரவாதம் ஆகாது. ஒப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 காலத்தில் உப்பிய கபாசிட்டர்களுக்காக 2005இல் டெல் 30 கோடி டொலரை ஒதுக்க நேர்ந்தது.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல். 7010 அந்த வாசலில் நிற்கவே முடியாது. விண்டோஸ் இல்லாமல் ஓடாத கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் இந்தப் போர்ட்டுக்கு ஒரு ரூபாகூடச் செலவழிக்க வேண்டாம். கடிதம், பிரின்ட், இணையம் மட்டும் போதுமென்றால், ஒரு எஸ்எஸ்டியும் லினக்ஸும் போட்டு இன்னும் சில வருடம் தாராளமாக ஓட்டலாம். ஓடர் கொடுக்கும்போது மட்டும் பெயரை நம்பக் கூடாது. 7010 என்ற அதே எண்ணை டெல் 2023இல் முற்றிலும் வேறொரு பெட்டிக்கும் வைத்துவிட்டது. பழைய 7010இலும் பெரிய பெட்டியின் போர்ட் சின்னப் பெட்டிக்குப் பொருந்தாது. பழைய போர்ட்டில் ஒட்டியிருக்கும் டெல்லின் பாக இலக்கத்தைப் படமெடுத்து அனுப்பினால் போதும்.