வழங்கலும் மீட்டலும்

கண்டி மாநகரிலே தலதா மாளிகைக்கு அணித்தாகப் பத்தினி தேவாலயம் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் நிகழும் எசலப் பெரஹராவிலே நாத, விஷ்ணு, கதிர்காமத் தேவாலயங்களின் ஊர்வலங்களோடு அதன் ஊர்வலமும் செல்லும். அங்கு வழிபடப்படுபவள் நம் சிலப்பதிகாரக் கண்ணகியே என்பதைத் தமிழ் மாணவர் அறிவர். எனினும் வழக்குரை காதையை நீதியின் நோக்கிலே ஆராய்வோர் சிலரே. பாண்டியன் அவையிலே கண்ணகி கேட்டது பொருளன்று, சிலம்பின் விலையுமன்று. கொலையுண்ட தன் கணவன் கள்வன் அல்லன் என்பது அவையறிய நிறுவப்படல் வேண்டும் என்றே அவள் வழக்குரைத்தாள். குற்றந் தன்னதே எனத் தெளிந்த மன்னன் அதனைத் தன் வாயாலே ஏற்று வீழ்ந்தான். பின்னர் வஞ்சிக் காண்டத்திலே அவளுக்குக் கல் நாட்டப்படுகின்றது. உண்மை வெளிப்படல், தவறு செய்தோர் அதனை ஏற்றல், நினைவு நிலைபெறல் என்னும் இம்மூன்றையும் நிலைமாறுகால நீதி, சீரமைப்பு நீதி என்னும் பெயர்களால் இன்றைய அறிஞர் விரித்துரைக்கின்றனர். மதுரை எரிந்தமையை யான் இக்கணக்கிலே சேர்க்கவில்லை. அது வேறொரு வழக்கு.

இவ்வளவுகோலைக் கொண்டு நம் நாட்டுச் சட்டமொன்றை நோக்குதல் இக்கட்டுரையின் கருத்தாகும். அது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்; இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்குதற்கென இயற்றப்பெற்றது. கண்டியைச் சூழ்ந்த குன்றுகளில் வாழும் மக்களைப் பற்றியதாதலின் நமக்கு அது தொலைவான பொருளன்று.

கம்பளைக்கு அருகேயுள்ள சிங்ஹபிட்டியவிலே 1824இல் கோப்பிச் செய்கை தொடங்கிற்று. அதன் பின்னர்த் தமிழகத்தினின்று வந்தோர் தலைமன்னாரிலே கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை நடந்து, அங்கிருந்து மலைகளில் ஏறினர். நடையிலே மாண்டவர் பலர். எஞ்சியோரின் பேரர் 1947ஆம் ஆண்டுத் தேர்தலிலே வாக்களித்தனர், நாவலப்பிட்டியிலே கே. இராஜலிங்கம் உட்பட இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். மறு ஆண்டிலேயே 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. இந்நாட்டிலே பிறந்தவராயினும், தந்தை இங்கு பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர் என்றோ அவர் நாட்டல் வேண்டும். பிறப்புப் பதிவே அரிதாயிருந்த காலத்திலே, லயன் அறையிற் பிறந்த பூட்டனுக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? கேட்கப்பட்ட சான்று கிடையாது என்பதை அறிந்தே அது கேட்கப்பட்டது என்பது எம் கருத்து. 1949ஆம் ஆண்டின் சட்டங்கள் அவர்தம் வாக்குரிமையையும் பறித்தன. பதிவின் மூலம் உரிமை பெறலாம் எனத் திறக்கப்பட்ட வாயிலிலே எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏறக்குறைய 134,000 பேரே உட்புகுந்தனர்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பமிட்ட உடன்படிக்கையோ மக்களை எண்ணிப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசப்படும். 1974இல் அவர்களையும் பாதிபாதியாகப் பகுத்தனர். பகுக்கப்பட்டவரை ஒருவரும் கேட்டிலர். சென்றவர் ஏறிய புகைவண்டிக்கு மலைநாட்டார் ஒப்பாரிக் கோச்சி எனப் பெயரிட்டனர். அந்நாளிலே நிலையங்களில் எழுந்த அழுகுரலைச் செவியுற்றவர் இன்றும் நம்மிடையே உளர். (கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனும் 1816இல் வேலூருக்கு அனுப்பப்பட்டவனே. அவன் அரசன் என்பதால் வரலாறு அவனைப் பெயரோடு குறித்து வைத்தது.)

இப்பின்னணியிலேதான் 2003ஆம் ஆண்டின் சட்டத்தை வாசித்தல் வேண்டும். அதன் நன்மையை மறைத்தல் நேர்மையன்று. பாராளுமன்றம் அதனை ஒருமனதாக நிறைவேற்றிற்று. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையிலே நிரந்தரமாக வதிந்தோரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரசைகள் என அது எளிய முறையிலே ஏற்றது. நாடற்றோர் என்னும் இழிபெயரோடு பிறந்து, அதனோடேயே முதுமையுற்ற பலர் அடையாள அட்டை பெற்றனர். 1986, 1988ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் முடியாது விட்டதை இது பெரும்பாலும் முடித்தது.

ஆயினும் இதன் தலைப்பிலுள்ள வினைச்சொல்லை நோக்குக. 1986ஆம் ஆண்டுச் சட்டத்திற்போலவே இங்கும் அரசு வழங்குகின்றது. உடையவன் இல்லாதவனுக்குத் தருவது வழங்கல். ஒருவனிடமிருந்து எடுத்ததை அவனிடமே திருப்பித் தருவது மீட்டளித்தல். முன்னதிலே தருபவன் வள்ளல். பின்னதிலே அவன் கடனாளி. 1947இலே வாக்களித்த ஒருவர், 2003இலே உரிமை பெறும் நாளில், முன்னொருபோதும் உரிமையில்லாதிருந்த வந்தேறியாகவே சட்டத்தின் கண்ணுக்குத் தோன்றுகின்றார். இடைப்பட்ட 55 ஆண்டுகள் யாரால் வந்தன என்பதற்குச் சட்டத்தின் வாசகத்திலே ஒரு சொல்லும் இல்லை.

இதனினும் ஆழமான குறை அச்சட்டம் தேர்ந்த நாளிலே உள்ளது. 1964 ஒக்டோபர் 30 மக்கள் பங்கிடப்பட்ட நாள். அநீதியின் நாளையே பரிகாரம் தன் அளவுகோலாகக் கொண்டது. பிறப்பையோ, 1948க்கு முன்னிருந்த வாழ்வையோ கொண்டிருப்பின், உடன்படிக்கையின்படி அனுப்பப்பட்டோரைப் பற்றிய வினாவும் எழுந்திருக்கும். நீலகிரியிலே தமிழ்நாட்டரசின் தேயிலைத் தோட்டங்களில் அமர்த்தப்பட்டு, அங்கும் சிலோன்காரர் என அழைக்கப்பட்ட அவர்கள் இச்சட்டத்தின் கணக்கிற்குப் புறத்தவராயினர்.

வேறு எவ்வாறு எழுதியிருத்தல் கூடும் என வினவலாம். 1988ஆம் ஆண்டு செப்டெம்பரிலே கனடா செய்ததைக் காண்க. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே சிறைவைத்தும் உடைமை பறித்தும் துன்புறுத்திய ஜப்பானிய வம்சத்தாருக்கு இழைத்தது அநீதி எனப் பிரதமர் மல்ரோனி பாராளுமன்றத்திலே ஏற்றார். உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் அளிக்கப்பட்டது. நாடு கடத்தப்பட்டோரும் குடியுரிமை பறிக்கப்பட்டோரும், அவர்தம் வழித்தோன்றல்களும், அதனை மீண்டும் பெற வழி செய்யப்பட்டது. ஒப்புதல் முன்னே சென்றது. உரிமை அதன் பின்னே வந்தது.

கனடா தொலைவிலுள்ளது என்பார்க்குக் கண்டியிலேயே ஒரு சான்று உண்டு. 1815ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒப்பமிடப்பெற்ற அதே மகுல் மடுவவிலே, 2016 டிசம்பரில், ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ஒரு பிரகடனத்திற் கையொப்பமிட்டார். 1818இலே பிரித்தானிய ஆட்சி துரோகிகள் என அறிவித்த 19 தலைவர்கள் அதன்வழித் தேசிய வீரராயினர். பழைய அறிவித்தல் நீக்கப்பட்டது. ஏறத்தாழ 200 ஆண்டுகளின் பின்னரும் ஓர் அரச ஆவணத்தின் பிழையைப் பெயர்சுட்டி நீக்க இயலும் என்பதை நம் அரசு அன்று காட்டிற்று. பிறர் செய்த பிழையை நீக்குதல் எளிது; தான் செய்ததை நீக்குதல் அரிது. அதனாற்போலும், 1948க்கு அத்தகைய பிரகடனமொன்றும் வெளிவந்திலது.

சொல்லிலே என்ன இருக்கிறது, கிடைத்த உரிமை போதாதா எனச் சிலர் கேட்பர். வயிற்றுக்குச் சோறும் இருக்க வீடும் இல்லாதார்க்கு இலக்கணம் பேசலாமா என்றும் கேட்பர். இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. ஆயினும் லயன் அறையிலே நான்காம் தலைமுறையாக வாழும் ஒரு குடும்பம் அவ்வறைக்கு உறுதி உடையதன்று. ஏழு பேர்ச் காணியும் வீடும் என்னும் பேச்சு எழுந்தபோதும் அது உதவி என்றே உரைக்கப்பட்டது. கடன் என்று உரைப்பார் இலர். பிரசாவுரிமையைக் கொடையாகக் கொண்ட மனமே காணியையும் கொடையாகக் காண்கின்றது. கொடையைப் பெறுபவன் அதன் அளவைப் பற்றி வழக்குரைக்க முடியாது. சொல்லின் பிழை வாழ்விலே இறங்கும் இடம் இதுவே.

அரசு செய்யாததை மக்கள் ஓரளவு செய்துள்ளனர். கண்டிச் சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சியால், கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்திலே 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று அமைந்தது. பழைய லயன் அறைகளே அதன் கூடங்கள். அரண்மனைகளையும் முடிகளையும் காட்டும் காட்சிச்சாலைகளையே கண்ட நம் மாணவர் ஒருமுறை அங்கு செல்லுதல் நன்று. வஞ்சியிலே நாட்டிய கல்லுக்கு அரசன் முன்னின்றான். இங்கு அவன் இடம் வெறுமையாயிருக்கின்றது.

2023ஆம் ஆண்டு, மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டி, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. ஜூலை 28ஆம் நாள் புறப்பட்டோர் ஆகஸ்ட் 12ஆம் நாள் மாத்தளையை அடைந்தனர். பிரசாவுரிமை கிடைத்து 20 ஆண்டுகள் கழிந்திருந்தன. எனினும் அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளுள், காணி முதலியவற்றோடு, தம் வரலாறு ஏற்றுக்கொள்ளப்படல் வேண்டும் என்பதும் இருந்தது.