மாத்மேனும் வெள்ளிப் பாலமும்: ஜான் கீலின் நூலை முன்வைத்து

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், ஒகையோ ஆறும் கனாவா ஆறும் கூடும் முனையில் பாயின்ட் பிளெசன்ட் என்ற சிற்றூர் உள்ளது. 1966 நவம்பர் 15 இரவு, ஊருக்கு வெளியே சிறகுள்ள மனித உருவம் ஒன்றைக் கண்டதாக நால்வர் கூறினர். அடுத்த பதின்மூன்று மாதங்களில் அதே உருவத்தையும், வானத்தில் நகரும் விளக்குகளையும், கறுப்பு உடை அணிந்த விசித்திர மனிதர்களையும் பார்த்ததாகப் பலர் கூறினர். 1967 டிசம்பர் 15 மாலை அவ்வூரின் ஆற்றுப்பாலம் இடிந்து விழுந்தது. 46 பேர் இறந்தனர். இந்த இரண்டு தேதிகளையும் ஒரே கதையாகக் கட்டிய நூல், ஜான் கீல் எழுதி 1975இல் வெளிவந்த 'மாத்மேன் தீர்க்கதரிசனங்கள்'.

தமிழில் இப்போது இக்கதை காணொளிகள் வழியாகப் பரவுகிறது. "மாத்மேன் எச்சரித்தது, யாரும் கேட்கவில்லை, பாலம் விழுந்தது" என்று மூன்றே வரிகளில் முடிந்துவிடும். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் இன்றும் தொலைபேசியில் அழைத்து, "சார், அது உண்மையா?" என்று கேட்பதுண்டு. அதற்காகவே நூலை முழுதாகப் படித்தேன். சாட்சி சொன்னவர்களைப் பொய்யர்கள் என்று நான் கருதவில்லை. கீலையும் அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனால் தலைப்பில் உள்ள தீர்க்கதரிசனம் நூலுக்குள் பலிக்கவில்லை என்பதே என் வாசிப்பு.

அலையும் பெயரும்

விசித்திரக் காட்சிகள் தனியாக வருவதில்லை, அலை அலையாகவே வருகின்றன. 1896, 1897 ஆண்டுகளில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் மக்கள் இரவு வானில் விளக்கு பொருத்திய ஆகாயக் கப்பல்களைக் கண்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ரைட் சகோதரர்கள் பறந்தது 1903இல்தான். ஆனாலும் யாரோ ஒரு கண்டுபிடிப்பாளர் இரகசியமாகப் பறந்து பார்க்கிறார் என்பதே அன்றைய பேச்சு.

1947 ஜூன் 24 அன்று கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி, வாஷிங்டன் மாநிலத்தில் ரெய்னியர் மலையருகே ஒன்பது பொருள்கள் வேகமாகப் பறப்பதைக் கண்டதாகச் சொன்னார். தண்ணீர்ப் பரப்பில் வீசிய தட்டு எகிறி எகிறிப் போவதுபோல அவை சென்றன என்று விளக்கினார். அவர் சொன்னது போக்கைப் பற்றி. செய்தித்தாள்கள் அதை வடிவமாக எடுத்துக்கொண்டு 'பறக்கும் தட்டு' என்று பெயரிட்டன. அதன்பின் மக்கள் கண்டவற்றில் பெரும்பகுதி தட்டு வடிவில்தான் இருந்தது. இந்த ஒரு செய்தியை மாணவர்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் பாயின்ட் பிளெசன்ட் கதையைப் புரிந்துகொள்வது எளிது.

1966ஆம் ஆண்டே அப்படி ஓர் அலையின் ஆண்டு. அவ்வாண்டு மார்ச் மாதம் மிச்சிகன் மாநிலத்தில் பலர் விளக்குகளைக் கண்டனர். விமானப்படையின் ஆலோசகராக இருந்த வானியலாளர் ஆலன் ஹைனெக், அவற்றில் சில சதுப்பு நில வாயுவாக இருக்கலாம் என்று சொல்லப்போக நாடே சிரித்தது. அம்மாநிலத்து உறுப்பினரும் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரானவருமான ஜெரால்ட் ஃபோர்டு நாடாளுமன்ற விசாரணை கேட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் காண்டன் தலைமையில் ஆய்வுக்குழு அமைந்தது. ஆக, நவம்பரில் அந்த நால்வர் காரில் கிளம்பியபோது நாட்டின் கண் ஏற்கெனவே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர்கள் சென்ற இடம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெடிமருந்து செய்த பழைய தொழிற்சாலை வளாகம். கைவிடப்பட்ட கட்டடங்களும், மண் மூடிய கான்கிரீட் கிடங்குகளும், சுற்றிலும் காடும். இரவில் கார் விளக்கொளியில் ஆள் உயர உருவம், மடக்கிய சிறகுகள், சிவந்து ஒளிரும் கண்கள். அவர்கள் உண்மையாகவே நடுங்கிப் போய்க் காவல் அதிகாரியிடம் ஓடினார்கள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை இட்ட தலைப்பு எனக்குப் பிடித்தமானது. ஆள் உயரப் பறவை என்று தொடங்கி, இல்லை பிராணி, இல்லை ஏதோ ஒன்று என்று தயங்கி நிற்கும் தலைப்பு அது. தெரியாததைத் தெரியாது என்று சொன்ன நேர்மை அதில் இருந்தது.

அந்த நேர்மைக்கு ஆயுள் குறைவு. அவ்வாண்டு ஜனவரியில்தான் தொலைக்காட்சியில் பேட்மேன் தொடர் தொடங்கிப் பெரும் புகழ் பெற்றிருந்தது. செய்தியைத் திருத்திய யாரோ ஒரு பத்திரிகையாளர் அந்தச் சாயலில் 'மாத்மேன்', அதாவது அந்துப்பூச்சி மனிதன், என்று பெயரிட்டார். சாட்சிகள் அந்துப்பூச்சியைப் பற்றிப் பேசவே இல்லை. பறவை என்றுதான் தொடங்கினார்கள். பெயர் வந்த பிறகு ஊரில் நிழலாடியதெல்லாம் மாத்மேன் ஆயிற்று. மக்கள் கூட்டம் கூட்டமாகத் துப்பாக்கியும் கையுமாக அந்தக் காட்டுக்குச் சென்றனர். மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து உயிரியலாளர் ஒருவர், வழி தவறி வந்த சாண்ட்ஹில் கொக்காக இருக்கலாம் என்றார். நீண்ட கால்களும் விரிந்த சிறகும் நெற்றியில் சிவப்புத் தோலும் உள்ள பெரிய பறவை அது. பின்னாளில் ஆராய்ந்தவர்கள் ஆந்தை என்றனர். ஆந்தையின் கண்ணில் விளக்கொளி பட்டால் சிவப்பாக மின்னும். நான் ஆந்தைப் பக்கம் சாய்கிறேன். கிராமத்துச் சாலையில் இரவில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அந்தக் கண் தெரியும்.

நூலின் சிறந்த பக்கம்

கீல் (1930–2009) திறமையான எழுத்தாளர். 1957இல் வந்த அவருடைய முதல் நூல் 'ஜாதூ' எகிப்திலும் இந்தியாவிலும் மாயவித்தைக்காரர்களைத் தேடி அலைந்த அனுபவம். நம் நாட்டுக் கயிற்று வித்தையைத் தேடி வந்தவர் அவர். வித்தைக்காரரின் கை எங்கே போகிறது, பார்ப்பவர் கண் எங்கே போகிறது என்று நன்கு அறிந்தவர். பறக்கும் தட்டுகள் வேற்றுக்கிரகத்திலிருந்து வருகின்றன என்ற வழக்கமான விளக்கத்தையும் அவர் ஏற்கவில்லை. இவையெல்லாம் நம்மோடு இதே பூமியில் இருந்து நம்மை ஏமாற்றும் ஏதோ ஒரு சக்தியின் வேலை என்பது அவர் கொள்கை. இதை எப்படிச் சோதிப்பது என்று கேட்டால் அவரிடம் விடை இல்லை. எது நடந்தாலும் அந்தச் சக்தியின் விளையாட்டு என்று சொல்லிவிடலாம்.

நூலின் தொடக்க அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுத்துப் பாடநூலில் வைக்கலாம். 1967 நவம்பரில் ஒரு நள்ளிரவு, இடியும் மின்னலுமாக மழை. மேற்கு வர்ஜீனியாவில் ஒதுக்குப்புறமான ஒரு வீட்டின் கதவைத் தாடி வைத்த, உயரமான, கறுப்பு உடை அணிந்த மனிதன் தட்டுகிறான். தொலைபேசியில் பேச வேண்டும் என்கிறான். வீட்டார் அஞ்சிக் கதவைத் திறக்க மறுக்கிறார்கள். சில வாரங்களில் பாலம் விழுகிறது. வந்தது சாத்தான், கேடு வரப்போவதன் அறிகுறி என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தக் கறுப்பு உடைக்காரர் வேறு யாருமல்லர், ஜான் கீலேதான். கார் நின்றுபோய் உதவிக்கு ஆள் அழைக்க வந்திருந்தார்.

ஒரு சாதாரண நிகழ்ச்சி, பின்னால் நேர்ந்த துன்பத்தின் வெளிச்சத்தில் எப்படிச் சகுனமாக மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதியதில்லை. ஆனால் அதை எழுதியவரே அடுத்த அத்தியாயம் முதல் அதை மறந்துவிடுகிறார். மற்றவர்கள் கதவைத் தட்டிய கறுப்பு உடைக்காரர்களுக்கும் கார் நின்றிருக்கலாமே என்று அவர் கேட்பதில்லை. எனக்கு நூலின் மீதுள்ள முதல் குறை இதுதான்.

பலிக்காத குறி

இனித் தீர்க்கதரிசனத்துக்கு வருவோம். தொலைபேசியிலும் நேரிலும் தமக்கு எதிர்காலச் செய்திகள் வந்துகொண்டிருந்ததாகச் சிலர் கீலிடம் கூறிவந்தனர். அவற்றில் பெரியது, குடியரசுத் தலைவர் ஜான்சன் வெள்ளை மாளிகையின் கிறிஸ்துமஸ் மரத்து விளக்கை ஏற்றும் அந்த டிசம்பர் 15 அன்று நாடு முழுவதும் மின்சாரம் நின்றுபோகும் என்பது. கீல் அதை நம்பி நியூயார்க்கில் தம் அறையில் தொலைக்காட்சி முன் காத்திருந்தார். மரத்தில் விளக்கு எரிந்தது, மின்சாரமும் நிற்கவில்லை. பாலம் விழுந்த செய்திதான் இடையில் வந்தது. இதை மறைக்காமல் எழுதியது அவர் பெருமை. எழுதிய பிறகும் நூலுக்கு இந்தப் பெயரை வைத்ததை என்னவென்று சொல்வது? மின்வெட்டு வரும் என்றது குறி, விழுந்தது பாலம். தேர்வில் மாணவன் வேறு கேள்விக்கு விடை எழுதியிருந்தால் தேதி சரியாகப் போட்டிருக்கிறான் என்பதற்காக மதிப்பெண் கொடுப்பதில்லை.

கீல் தரப்புக்கு வலுவான சான்று ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளூர் நிருபர் மேரி ஹையர், ஆற்றில் மக்கள் மூழ்குவதாகவும் கிறிஸ்துமஸ் பரிசுப் பொட்டலங்கள் மிதப்பதாகவும் தாம் கனவு கண்டதாக நவம்பரில் கூறினார் என்று கீல் பதிவு செய்துள்ளார். படிக்கும்போது மனம் திடுக்கிடத்தான் செய்கிறது. ஆனால் இது எட்டாண்டுகளுக்குப் பின் அச்சேறிய பதிவு. ஓராண்டாக ஊரின் அச்சக் கதைகள் அனைத்தையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்த ஒருவருக்கு, இரண்டு ஆறுகளுக்கு நடுவே வாழ்ந்தவருக்கு, ஆற்றைப் பற்றிக் கெட்ட கனவு வராமல் இருந்தால்தான் வியப்பு. கீல் தரும் வடிவில் கனவில் பாலம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

பாலம் ஏன் விழுந்தது

வெள்ளி நிற அலுமினியப் பூச்சு காரணமாக வெள்ளிப் பாலம் எனப்பட்ட அது 1928இல் திறக்கப்பட்டது. வழக்கமான தொங்கு பாலங்களில் முறுக்குக் கம்பி வடம் இருக்கும். இதில் வடத்துக்குப் பதில் எஃகுச் சட்டங்களைக் கோத்த சங்கிலி. சைக்கிள் செயினை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சட்டங்கள், இரு முனையிலும் துளை, துளை வழியே முளை. இரண்டில் ஒன்று உடைந்தால் மற்றது கோணிக்கொண்டு முளையிலிருந்து கழன்றுவிடும், பிறகு சங்கிலியே இல்லை. ஒரு கண்ணியில் நான்கைந்து சட்டங்கள் இருந்திருந்தால் மற்றவை சுமையைத் தாங்கியிருக்கலாம்.

ஒகையோ கரைப் பக்கத்தில் இருந்த ஒரு சட்டத்தின் துளை விளிம்பில் சிறு விரிசல் தோன்றியிருந்தது. ஆழம் ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர். இழுவிசையும் துருவும் சேர்ந்து நாற்பது ஆண்டுகளாக அதை வளர்த்தன. அந்தச் சட்டத்தின் உலோகம் அப்படிப்பட்ட சூழலில் அவ்வாறு விரிசல் காணும் என்று 1920களில் பொறியாளர்களுக்குத் தெரியாது. முளையும் மூடியும் மறைத்திருந்ததால், இணைப்பைக் கழற்றாமல் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. கிறிஸ்துமஸுக்குப் பொருள் வாங்கிக்கொண்டு வேலையிலிருந்து வீடு திரும்புவோரின் வண்டிகள் மாலை 5 மணிக்குப் பாலத்தில் நெருக்கி நின்றன. சட்டம் உடைந்தது. ஒரு நிமிடத்துக்குள் பாலம் முழுதும் ஆற்றில். 31 வண்டிகள் விழுந்தன. இறந்த 46 பேரில் இருவரின் உடல் கிடைக்கவே இல்லை.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விழுந்த துண்டுகளைக் கரையில் அடுக்கிப் பாலத்தை மறுபடி கோத்துப் பார்த்து இதைக் கண்டறிந்தது. விபத்தின் விளைவாக 1968இல் சட்டம் வந்தது. 1971இல் பாலங்களைக் குறித்த இடைவெளியில் ஆய்வு செய்வதற்கான நாடு தழுவிய விதிமுறை வந்தது. அதே அமைப்பில் கட்டப்பட்ட செயின்ட் மேரிஸ் பாலத்தை மூடி, பின் இடித்தே விட்டார்கள். விபத்தைப் பற்றிய உண்மையான எச்சரிக்கை இந்த அறிக்கைதான். அதைக் கேட்டார்கள், அதனால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கும்.

கீலின் நூல் இந்த ஆய்வெல்லாம் முடிந்த பிறகு வந்தது. ஆனால் படித்து முடித்தவர் மனத்தில் நிற்பது சிவந்த கண்கள்தானே தவிர அந்த விரிசல் அல்ல. 2002இல் மார்க் பெல்லிங்டன் இயக்கத்தில் ரிச்சர்ட் கியர் நடித்த திரைப்படம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. இறந்தவர்களை 36 ஆக்கியது. படத்தின் முடிவில், பாலம் விழுந்ததன் காரணம் முழுமையாகக் கண்டறியப்படவில்லை என்று எழுத்தில் காட்டியது. கதைக்கு வசதியாக ஒரு பூதத்தைச் சேர்ப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். காரணம் தெரிந்த சாவைக் காரணம் தெரியாத சாவு என்று எழுதுவது வேறு.

நம் நாட்டிலும் 2001 மே மாதம் தில்லியில் குரங்கு மனிதன் அலை எழுந்தது. நகமுள்ள கை, ஹெல்மெட், பளபளக்கும் கண் என்று ஆளுக்கொரு வர்ணனை. கோடை வெயிலில் மின்வெட்டு, மொட்டை மாடியில் தூக்கம், இருட்டில் யாரோ கத்தினால் எல்லோரும் ஓட்டம். மாடியிலிருந்து விழுந்து இறந்தவர்கள் உண்டு. குரங்கு மனிதன் பிடிபடவில்லை. கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிகளைப் பற்றி அன்று நான் படித்த செய்திகளில் ஒரு வரிகூட இல்லை.

பாயின்ட் பிளெசன்டில் 2002 முதல் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் மாத்மேன் திருவிழா நடக்கிறது. 2003இல் துருப்பிடிக்காத எஃகில் செய்த மாத்மேன் சிலை வைத்தார்கள். சிவப்புக் கண்ணும் விரித்த சிறகுமாக நிற்கும் அதன் முன் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். சுரங்கமும் ஆலைகளும் தேய்ந்துவரும் பகுதியில் கடைக்காரர்களுக்கு அது வருமானம். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பாலத்தில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவிடமும் அதே ஊரில்தான் இருக்கிறது. இணையத்தில் ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டிப் பார்த்தேன். முதலில் வந்த படங்கள் எல்லாம் சிலைதான்.