குடிசையை விடுங்கள், குழுவைக் கேளுங்கள்

'போன் ஈவேர்' பாடகர் ஜஸ்டின் வெர்னனைப் பற்றி யார் எழுதினாலும் மரக்குடிசையில்தான் தொடங்குகிறார்கள். 2006-ல் இசைக்குழு உடைந்தது, காதல் முறிந்தது, உடம்பும் படுத்தியது. வட கரோலினாவிலிருந்து சொந்த மாநிலமான விஸ்கான்சினுக்குத் திரும்பி, அப்பாவின் வேட்டைக் குடிசையில் பனிக்காலத்தைத் தனியே கழித்து 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ' ஆல்பத்தைப் பதிவுசெய்தார். எல்லாம் நடந்ததுதான். ஆனால் இந்தக் கதை அவருடைய பெரிய திறமையை மறைக்கிறது. வெர்னன் ஒரு குழுத் தலைவர்.

முதல் ஆல்பத்திலேயே அது தெரிகிறது. பாடுவது உச்சஸ்தாயியில் கள்ளக்குரல். நம் கச்சேரி மேடையில் குறையாகச் சொல்லப்படுவது. அதை அவர் ஒற்றையாக விடவில்லை. தன் குரலையே திரும்பத் திரும்பப் பதிந்து அடுக்கியிருக்கிறார். ஆளில்லாத இடத்தில் ஒரு கோஷ்டியே பாடுகிறது. மேடைக்கு வந்ததும் சிக்கல்: இத்தனை குரலுக்கு எங்கே போவது? அப்போதுதான் ஷான் கேரி என்ற ட்ரம்மர், பாட்டுகளையெல்லாம் தானாகவே கற்றுக்கொண்டு வந்து நின்றார். 'போன் ஈவேர்' குழுவாக வளர்ந்தது அப்படித்தான்.

2011-ல் வந்த இரண்டாவது ஆல்பம்தான் அவருடைய சிறந்த ஆட்டம் என்பேன். முன்பு கால்நடை மருத்துவமனையாக இருந்த கட்டடத்தை ஸ்டுடியோவாக்கி அதைப் பதிவுசெய்தார். சாக்ஸபோனுக்கு காலின் ஸ்டெட்சன், பெடல் ஸ்டீல் கிடாருக்கு கிரெக் லைஸ், வயலினுக்கு ராப் மூஸ். ஒவ்வொருவரும் தனியாக மேடையைத் தாங்கக்கூடியவர்கள். ஆனால் ஒருவர்கூடத் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. குரலின் நிறத்திலேயே வாத்தியங்கள் கரைந்து வருகின்றன. வல்லவர்களைச் சேர்ப்பதைவிட, அவர்களை அளவாக வாசிக்க வைப்பது கடினம். 2012-ல் இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று சிறந்த புதுமுகத்துக்கானது.

2016-ல் வந்த '22, எ மில்லியன்' பற்றி எனக்கு இரண்டு மனது. பாடும்போதே ஒரு குரலைப் பல சுரங்களாக விரிக்கும் 'மெசினா' என்ற கருவியைத் தன் ஒலிப்பொறியாளர் கிறிஸ் மெசினாவோடு சேர்ந்து உருவாக்கினார். '715' என்று தொடங்கும் பாட்டில் வேறு வாத்தியமே இல்லை. ஒரு மனிதக் குரல் உடைந்து, பலவாகி, கதறுகிறது. குடிசையில் அடுக்கி அடுக்கிச் செய்ததை இங்கே ஒரே மூச்சில் செய்கிறார். ஆனால் அதே ஆல்பத்தின் வேறு சில பாட்டுகளில் இரைச்சலுக்கு அடியில் குரல் நசுங்கிப் போகிறது. அது எனக்கு வருத்தம்.

2025-ல் வந்த 'சேபிள், ஃபேபிள்' ஆல்பத்தில் அந்தக் குரல் மறைவில்லாமல் வெளியே வந்து நிற்கிறது. பாடகி டேனியல் ஹைம் போன்றவர்களோடு பாடும்போதும் பக்கத்துக் குரலுக்கு இடம் விட்டே பாடுகிறார்.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர்கள் குடிசை ஆல்பத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். 2011 ஆல்பத்தின் முதல் பாட்டான 'பெர்த்'தை ஹெட்போனில் போட்டுக்கொள்ளுங்கள். கிடார் தனியாக ஆரம்பிக்கும், அணிவகுப்புப் போல ட்ரம்ஸ் வந்து சேரும், பிறகு ஊதுகருவிகள். அதுவரை பொறுங்கள்.