கூண்டில் நிற்பவரும் கரையில் நிற்பவரும்

கடற்படை பிடித்துவந்த இராமேஸ்வரத்து மீனவர்களை ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்துவது வடக்கில் வழமையான செய்தியாகிவிட்டது. கூண்டில் நிற்பவரும் தமிழர். இழுவைமடி தன் வலையை அறுத்துப்போட்டது என்று கரையில் நின்று குமுறுபவரும் தமிழர். இருவரும் சொல்வது ஒன்றுதான்: இது என் பாட்டன் தொழில் செய்த கடல். படகு முதலாளி மட்டும் அநேகமாகக் கூண்டில் இருப்பதில்லை. நீதி, உரிமை, முதலாளியம் என்று மேற்கில் அரை நூற்றாண்டாக நடக்கும் தத்துவச் சண்டையை இந்த நீதிமன்ற வாசலில் வைத்துப் பார்க்கத் தோன்றியது.

அந்தச் சண்டையின் இரண்டு தலைகளும் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் ஒரே துறையில் இருந்தவை. யார் வயிற்றில் பிறக்கப்போகிறோம் என்று தெரியாமல் ஊருக்கு விதி வகுத்தால் எப்படி வகுப்போம் என்று 1971இல் ஜோன் றோல்ஸ் கேட்டார். கடைநிலையில் இருப்பவருக்கு நன்மை தராத ஏற்றத்தாழ்வை ஒப்பமாட்டோம் என்பது அவர் விடை. 1974இல் றொபேட் நோசிக் மறுத்தார். பொருள் முதலில் நியாயமாக வந்ததா, நியாயமாகக் கைமாறியதா என்று பாருங்கள்; இரண்டும் சரியென்றால் ஒருவனிடம் மலையளவு இருந்தாலும் அரசு கைவைக்கக் கூடாது என்றார்.

அதே 1974இல்தான் இந்தியாவும் இலங்கையும் பாக்குநீரிணையில் எல்லைக்கோடு கீறின. கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. 1976இல் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கும் வழியும் அடைபட்டது. அந்த மேசையில் இரு கரை மீனவரில் எவரும் இருக்கவில்லை. றோல்ஸைக் கொண்டும் இதைச் சரிக்கட்ட முடியாது. அவருடைய சமுதாயம், பிறப்பால் நுழைந்து இறப்பால் வெளியேறும் மூடிய சமுதாயம். மீனுக்கு அப்படி வேலி இல்லை. போர்க்காலத்தில் கடலுக்குப் போகமுடியாமல் முடங்கி, 2009க்குப் பின் திரும்பியபோது தன் கடலில் அயல் இழுவைப்படகுகளைக் கண்டவருக்கும் றோல்ஸின் ஏட்டில் இடமில்லை. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. எல்லை தாண்டி வரும் மடி அதற்காக நின்றுவிடவில்லை.

நோசிக்கின் முதற்கேள்வி கடலில் கூர்மையாகிறது. உரியவர் இல்லாத ஒன்றை உழைத்து எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பிறருக்கும் போதிய அளவு, அதே தரத்தில் மிஞ்சவேண்டும் என்றவர் 17ஆம் நூற்றாண்டின் ஜோன் லொக். பிறர் நிலை முன்னைவிட மோசமாகாவிட்டால் போதும் என்று நோசிக் அதைத் தளர்த்தினார். தீவகத்தின் பரவைக்கடலில் எழுந்திருக்கும் கடலட்டைப் பண்ணைகளுக்கு வாருங்கள். தடி ஊன்றி வலை அடைத்த இடம் அனுமதிப்பத்திரக்காரருடையது. அட்டை ஏற்றுமதியாகிறது, டொலர் வருகிறது, சிலருக்கு வேலையும் கிடைக்கிறது. முன்பு அங்கே நடந்துபோய் நண்டும் இறாலும் பிடித்தவர் எங்கே போவார்? மார்க்சியரான ஜி. ஏ. கோஹன் நோசிக்கை மடக்கியது இந்த இடத்தில்தான்: ‘எவருக்கும் உரியதல்ல’ என்று ஏன் தொடங்குகிறீர்கள், ‘எல்லாருக்கும் உரியது’ என்று தொடங்கினால் என்ன? கரையோர ஊர்களில் இதைக் கேட்கப் புத்தகம் தேவைப்படுவதில்லை.

நிலத்துக்கு நம்மிடம் சொந்தமாகவே ஒரு கோட்பாடு இருக்கிறது. அதை நாம் நொத்தாரிசு அலுவலகத்தோடு விட்டுவிட்டோம். ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை என்னும் யாழ்ப்பாணத்து வழக்காற்றுச் சட்டம், காணி விற்பவர் முதலில் உரித்தாளருக்கும் பங்காளிக்கும் அயற்காணிக்காரருக்கும் ஒற்றி பிடித்தவருக்கும் சொல்லவேண்டும் என்றது. 1947ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் அந்த வரிசையைப் பங்காளி, உரித்தாளர் என்று சுருக்கியது. விரும்பியவருக்கு விற்பதுதான் உடைமையின் உயிர் என்பது நோசிக்கின் கட்சி. தேசவழமைக்கோ முதுசம் என்பது சுற்றத்தின் சொத்து. ஒருவர் கையில் அது தங்கிப்போகிறது, அவ்வளவே. உரியவர்கள் கனடாவிலும் சுவிசிலும் இருக்க, வளவுகளில் வடலி மண்டிக் கிடக்கும் தீவகத்தில் இந்தச் சட்டத்தைக் காப்பு என்று போற்றுவோர் உண்டு.

எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அதே தொகுப்பில் அடிமைகளுக்கும் விதிகள் இருக்கின்றன. கோவியர், நளவர், பள்ளர் அங்கே பெயர்சொல்லி வருகிறார்கள். 1844இல் அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்தது. காணி பெரும்பாலும் இருந்த கையிலேயே இருந்தது. பங்காளிக்கே முதலிடம் என்னும் விதி, பங்கே இல்லாதவரைப் படலைக்கு வெளியே நிறுத்தும் விதியும்தான். நம் இடதுசாரிகள் தொடக் கூசும் நோசிக் இந்த இடத்தில் கைகொடுக்கிறார். பழைய அநீதியால் சேர்ந்த உடைமை திருத்தப்படவேண்டும் என்பது அவருடைய மூன்றாவது கொள்கை. அதை அவர் விரித்து எழுதவில்லை. விரித்திருந்தால் தன் கட்சியையே இழந்திருப்பார்.

பெண்ணிடம் வரும்போது றோல்ஸ் தடுமாறுகிறார். அவருடைய நீதி குடும்பத்தின் வாசற்படியைத் தாண்டவில்லை என்று 1989இல் சூசன் மொலர் ஒகின் காட்டினார். தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதத்தைக் கேட்டது 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம். கணவன் இருக்குமிடம் தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்திடம் போகவேண்டும். போர் முடிந்த வடக்கில் ‘இருக்குமிடம் தெரியாத’ என்ற சொற்களை வாசிக்கையில் சட்டப்புத்தகத்தை மூடிவைக்கத்தான் தோன்றுகிறது.

மீண்டும் கடலுக்கு வருவோம். பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே ஒழுங்கு வகுத்துக் காக்கமுடியும் என்று 1990இல் எழுதிய எலினோர் ஒஸ்ட்ரம், இலங்கையின் தென்கரையிலுள்ள மாவெல்லவைத் தோல்விக்கு உதாரணமாகக் காட்டினார். கரைவலைகளை முறைவைத்து இழுக்கும் ஊர் ஒழுங்கு அங்கே இருந்தது. வலைகள் பெருகுவதைத்தான் நிறுத்த முடியவில்லை. ஊர் ஒழுங்கு என்றாலே நல்லது என்று நெகிழ்வோர் அதை வாசிக்கவேண்டும்.

முழு நீதி எது என்று தீர்மானித்துவிட்டுத்தான் அசைவோம் என்றிருக்கத் தேவையில்லை, கண்முன்னே உள்ள அநீதிகளில் எதைக் குறைக்கலாம் என்று ஒப்பிட்டுப் பார்த்தால் போதும் என்று 2009இல் எழுதினார் அமர்த்தியா சென். நான் அவர் பக்கம். அடுத்த அட்டைப் பண்ணைக்கு அனுமதிப்பத்திரம் எழுதுமுன், அந்தப் பரவைக்கடலில் நடந்து தொழில் செய்பவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.