திரை விலகியதா, ட்ரெபிள் ஏறியதா?

ஆடியோ பித்தர்களிடையே ஜப்பானிய ஸ்டாக்ஸ் நிறுவனத்தின் பழைய ஹெட்போன் மோகம் மறுபடி கிளம்பியிருக்கிறது. 1979-இல் வந்த லாம்டா, அதற்கும் முந்தைய எஸ்.ஆர்-எக்ஸ் மார்க் 3 என்று ஜப்பான் ஏலங்களில் தேடிப் பிடிக்கிறார்கள். அதை இயக்கும் ஆம்ப் 100 வோல்ட்டுக்குச் செய்த பெட்டி என்பதால் கூடவே ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மரும் வீட்டுக்கு வந்து மூலையில் உறுமுகிறது. மாட்டிக் கேட்டவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்: டைனமிக் ஹெட்போனில் இத்தனை வருஷம் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறோம், இதில் சவ்வு லேசு, ஆகவே வேகம் அதிகம், ஆகவே எல்லாம் கேட்கிறது, இனித் திரும்ப வழியில்லை. அவர்கள் காதில் விழுந்தது பொய் என்று நான் சொல்லவில்லை. அதற்குச் சொல்லும் காரணம்தான் எனக்கு வெகுநாளாக உறுத்துகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். டைனமிக்கில் ஒரு கம்பிச்சுருள் காந்தத்துக்குள் முன்னும் பின்னும் ஓடி, தன்னோடு ஒட்டிய சவ்வைத் தள்ளுகிறது. சுருள் ஒட்டிய வளையத்தில்தான் விசை. மீதிப் பரப்பு அதன் பின்னால் இழுபட்டு வரவேண்டும். ஸ்டாக்ஸ் போன்ற நிலைமின் (எலக்ட்ரோஸ்டாட்டிக்) ஹெட்போனில் ஒன்றிரண்டு மைக்ரான் கனமே உள்ள பிளாஸ்டிக் சவ்வு, துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மின்னேற்றத்துடன் விறைத்து நிற்கிறது. பழைய ஸ்டாக்ஸில் 230 வோல்ட். 1982-இல் லாம்டா புரோ வந்தபோது அது 580 ஆயிற்று. ஒரு தகடு தள்ள, மறு தகடு இழுக்க, முழுப் பரப்பும் ஒருசேர அசைகிறது. ஒலிச்சிதைவு மிகக் குறைவு. இதை 1960-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டாக்ஸின் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே போகலாம்.

ஆண்டுக்கணக்கில் சென்ஹைசர் எச்.டி 600 என்ற டைனமிக் ஹெட்போனில் கேட்டுப் பழகிய காதோடுதான் நண்பர் வீட்டு லாம்டாவை மாட்டினேன். காதோடு அழுத்தினால் உள்ளே சவ்வு உப்பித் திரும்பி 'சரக்' என்கிறது. கோளாறல்ல, அதன் சுபாவம். ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டார். வயலின் வில் தந்தியைப் பற்றும் கணத்தின் கரகரப்பு தனியே எழுந்து வந்தது. பாடகர் மூச்சிழுப்பது, தம்புராவின் ஜீவா, பின்வரிசையில் யாரோ தொண்டையைச் செருமியது எல்லாம் முன்னால் வந்து நின்றன. நண்பர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன், மரியாதைக்கு மட்டுமல்ல.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் விஷயம் பிடிபட்டது. மிருதங்கத்தின் வலந்தலையில் விழுந்த சாப்பு, விரல் தோலில் படும் ஓசையோடு அத்தனை துல்லியம். தொப்பியில் கும்கி எழுந்தபோதோ அதன் சுருதி கேட்டது, வழுக்கி ஏறியது கேட்டது, கனம் மட்டும் இல்லை. வாசிப்பவரின் வலது கை முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ள, இடது கை பக்கவாத்தியத்துக்கே பக்கவாத்தியம் ஆகிவிட்டது. சவ்வின் வேகம்தான் காரணம் என்றால் இரண்டு கையும் அல்லவா துலங்கியிருக்க வேண்டும்?

காதுமெத்தையைப் பார்த்தேன். நாள்பட்டுத் தட்டையாகி, கன்னத்தோடு சரியாகப் படியாமல் இடைவெளி விட்டிருந்தது. விரலால் அதைச் சேர்த்துப் பிடித்ததும் கும்கிக்குக் கொஞ்சம் கனம் வந்தது. அதே கணத்தில் வயலினின் பிரமாதமான வேகமும் கொஞ்சம் தணிந்தது. சவ்வு அதே சவ்வு, வோல்ட் அதே வோல்ட். மாறியது கீழ்ஸ்தாயிக்கும் மேல்ஸ்தாயிக்கும் இடையிலான விகிதம் ஒன்றுதான்.

இந்த வேகக் கதையை நான் ஏற்காததற்குக் காரணம் எளிது. சிடியில் இருப்பது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரையான ஒலி. ஒரு ஹெட்போன் அந்த எல்லைவரை உரிய அளவில் ஒலித்துவிட்டால், பதிவில் உள்ள மிக விரைவான அசைவையும் அது அசைந்து காட்டிவிட்டது. அதற்கு மேல் விரைய அங்கே வேலையே இல்லை. டைனமிக்கில் அசைய வேண்டிய கனம் அதிகம்தான். அதைத் தள்ளக் காந்தமும் இருக்கிறது. தள்ள முடியாமல் திணறினால் மேல்ஸ்தாயி குறையும், குறைந்தால் அளவெடுக்கும்போது தெரிந்துவிடும். ஒரு தட்டு எப்படித் தொடங்கி எப்படி அடங்குகிறது என்பது, எந்த அதிர்வெண் எந்த அளவில் வருகிறது என்பதற்குள்ளேயே பெரும்பாலும் அடக்கம். ஒன்றைச் சொன்னால் மற்றதைக் கணக்கிட்டுவிடலாம். லேசான சவ்வு நல்ல ஒலிக்குப் போகும் ஒரு வழி. போய்ச் சேர்ந்த பிறகும் அந்த வழிக்கே தனிச் சுவை உண்டு என்பது வழிபாடு.

ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்ட்டியும் 2010-களில் செய்த சோதனைகள் இந்த இடத்தில் முக்கியமானவை. ஒரே ஹெட்போனை எடுத்துக்கொண்டு, மற்ற ஹெட்போன்களின் ஒலி விகிதத்தை ஈக்வலைசரால் அதில் ஏற்றிக் கேட்கவைத்தார்கள். அப்படிக் கேட்டவர்கள் போட்ட மதிப்பெண்ணும், அசல் ஹெட்போன்களை மாட்டிக் கேட்டுப் போட்ட மதிப்பெண்ணும் பெருமளவு ஒத்துப்போயின. ஸ்டாக்ஸ் அன்பர்களிடம் இதைச் சொன்னால், காது கேட்பதையெல்லாம் கருவி அளந்துவிடுமா என்று கேட்கிறார்கள். அங்கே மதிப்பெண் போட்டதும் காதுதான். எந்த ஹெட்போன், என்ன விலை என்று தெரியாத காது.

இந்த அன்பர்களின் ஒப்பீடு எப்படி நடக்கிறது? டைனமிக்கைக் கழற்றுகிறார்கள், ஸ்டாக்ஸை மாட்டுகிறார்கள். வேறு ஆம்ப், வேறு ஒலியளவு, பெயர் கண்ணெதிரே. இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேட்டேன் என்று சொன்ன ஒருவரையும் நான் இன்னும் பார்க்கவில்லை. டிவி கடையில் வெளிச்சத்தை ஏற்றிவைத்த பெட்டிதான் முதலில் கண்ணை இழுக்கும். காதுக்கும் அதே கதைதான். எச்.டி 600-க்கு ஈக்வலைசரில் நடுவிலும் மேலிலும் சில டெசிபெல் கூட்டி, கீழே கொஞ்சம் வெட்டிப் பாருங்கள். மூச்சிழுப்பும் வரும், செருமலும் வரும். லாம்டாவாகவே மாறிவிடாதுதான், ஆனால் திரை என்று சொல்லப்பட்டதில் பெரும்பகுதி விலகிவிடும்.

ஹெட்போனின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நாற்பது வருஷத்தில் சவ்வின் மேல்பூச்சு ஒரு பக்கம் தளர்ந்து இடது-வலது சத்தம் வேறுபடுகிறது. உள்ளே இருக்கும் நுரை பொடியாக உதிர்கிறது. கடலோர ஈரம் மின்னேற்றத்தைக் கசியவிடுகிறது. இன்று இரண்டு பேரிடம் இருக்கும் இரண்டு லாம்டாக்கள் ஒரே ஹெட்போன் இல்லை. இருந்தும் 'லாம்டாவின் ஒலி' என்று ஒன்றைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள்.

ஸ்டாக்ஸ் நிறுவனம் இவர்கள் அளவுக்குப் பிடிவாதம் பிடிக்கவில்லை. 1980-களிலேயே தன் லாம்டா வரிசைக்கென்று இ.டி-1 என்ற ஈக்வலைசரைத் தானே செய்து விற்றது. சவ்வு மட்டுமே போதும் என்றால் இந்தப் பெட்டி எதற்கு? 1998-இல் எஸ்.ஆர்-007 வந்தது. அதே 580 வோல்ட், அதே தத்துவம், ட்ரெபிளை அடக்கி அடிஸ்தாயியை நிறைத்த ஒலி விகிதம். விலையும் எங்கோ உயரத்தில். லாம்டாவில் ஊறியவர்கள் பலர் அதைக் கேட்டுவிட்டு இருட்டாக இருக்கிறது, மந்தமாக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். சவ்வு ஒன்றும் தடித்துவிடவில்லை.